ஆன்லைனில் கார்டு எடுக்கவில்லையா? ரிசர்வ் வங்கி விதி என்ன சொல்கிறது

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஏறுகிற கணக்கு, அதோடு வந்த ஒரு கார்டு. மண்டபம், பாம்பன் பக்கம் பல வீடுகளில் இருப்பது இதுதான். ஏ.டி.எம்.மில் பணம் வருகிறது, பெட்ரோல் பங்க்கில் தேய்த்தாலும் போகிறது. ஆன்லைனில் பொருள் வாங்கப் போனால் மட்டும் ‘டிக்ளைன்ட்’. பெரும்பாலும் கார்டில் கோளாறு இருக்காது. ஆன்லைன் வசதி பூட்டியிருக்கும். பூட்டச் சொன்னது ரிசர்வ் வங்கி.

2020 ஜனவரி 15 சுற்றறிக்கைப்படி, புதிதாகத் தருகிற கார்டும் மாற்றித் தருகிற கார்டும் உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்கிற நிலையில்தான் கைக்கு வரும். ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு, மெஷினில் தட்டிச் செலுத்துவது மூன்றையும் கார்டுக்காரரே கேட்டுத் திறக்க வேண்டும். ஆன்லைனில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத பழைய கார்டுகளையும் அப்போதே பூட்டச் சொல்லிவிட்டார்கள். தேதி முடிந்து புதுக் கார்டு வந்த பிறகு, “போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்று குழம்புவதற்குக் காரணமும் இதுதான்.

வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குள் போய் உள்நாட்டு ஆன்லைன் வசதியை ‘ஆன்’ செய்யுங்கள். அங்கேயே தினசரி வரம்பு ஒன்று இருக்கும், பலர் அதைப் பார்ப்பதில்லை. வரம்பு 2,000 என்று கிடந்தால் 4,500 ரூபாய்க்கு வலை வாங்க முடியாது, கணக்கில் லட்சம் இருந்தாலும். ஆப் இல்லாதவர்கள் ஏ.டி.எம். மெனுவிலோ வங்கியின் தானியங்கி போன் சேவையிலோ திறக்கலாம். 24 மணி நேரமும் இந்த வசதி தரவேண்டும் என்பது அதே சுற்றறிக்கையில் உள்ளது.

அடுத்த சிக்கல் ஓ.டி.பி. கணக்கில் பதிந்த எண்ணுக்கு மட்டும்தான் அது போகும். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பதிந்த எண் துபாயில் வேலை பார்ப்பவரிடம் இருக்கும், கார்டு இங்கே அலமாரியில் இருக்கும். அவர் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். அதைவிட மோசம், ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்: அந்த எண் நாளைக்கு வேறொருவர் கைக்குப் போய்விடும். பாஸ்புக், ஆதாரோடு கிளைக்குப் போய் எண்ணை மாற்றிவிடுங்கள்.

பணம் போய்விட்டது, ஆனால் கடைக்குச் சேரவில்லை என்றால் அது வேறு கதை. முதலில் கணக்கில் கழிந்ததா என்று பாருங்கள். பார்க்காமல் அடுத்தடுத்து அழுத்தினால் இரண்டு மூன்று தடவை கழியும். 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, இப்படிப் பாதியில் நின்ற பணத்தை 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நாம் கேட்காமலே. 10ஆம் தேதி கழிந்த பணம் 15ஆம் தேதிக்குள் வரவேண்டும். 19ஆம் தேதி வந்தால் கூடவே 400 ரூபாய் சேர்த்து வரவேண்டும். கேட்காமல் தரவேண்டும் என்று எழுதியிருந்தாலும், கணக்குப் பார்த்துக் கேட்பதுதான் நல்லது. ஆர்டர் உறுதியான பிறகு நாமே ரத்து செய்தால் இந்த விதி பொருந்தாது; அது கடைக்காரரின் ரீஃபண்ட்.

புகாருக்குத் தேதி, தொகை, குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண், திரையின் படம் நான்கும் போதும். எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியின் போன் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள், கார்டின் பின்பக்கமே இருக்கிறது. தேடி எடுத்த நம்பரில் ஓ.டி.பி. கேட்டால் அது திருட்டு. அப்படிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

30 நாளில் வங்கி பதில் தரவில்லை என்றாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.