பிக் லைன்: கைவழியே இதயத்தின் வாசல் வரை

புறங்கையில் பொருத்தப்படும் சாதாரண ஊசிக்குழாய் வழியே சில மருந்துகளை நாள்கணக்கில் செலுத்த முடியாது. டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் சிரையை விட்டுக் கசிந்தால் சுற்றியுள்ள தசையையும் தோலையும் புண்ணாக்கிவிடும். வாயால் உண்ண இயலாதோருக்கு இரத்தத்தில் ஏற்றப்படும் செறிவான ஊட்டக் கரைசல் சிறிய சிரையின் உட்சுவரை எரித்து வீங்கவைக்கும். முன்கைச் சிரையில் நிமிடத்துக்குச் சில பத்து மில்லிலிட்டர் இரத்தமே ஓடுகிறது. இதயத்துக்குள் இறங்கும் மேற்பெருஞ்சிரையிலோ ஏறத்தாழ 2 லிட்டர் பாய்கிறது. வாய்க்காலில் கொட்டிய சாயம் கரையிலேயே படிந்து நிற்க, ஆற்றில் கொட்டியது நொடியில் கலைந்துபோவது போல, அந்தப் பெருஞ்சிரையில் விழும் மருந்து சுவரைத் தீண்டுமுன் நீர்த்துவிடுகிறது. மேற்கையில் நுழைந்து, மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைச் சேரும் இடத்துக்கு அருகே முனை நிற்கும்படி வைக்கப்படும் மெல்லிய, நீண்ட குழாய்தான் பிக் லைன்.

இதைப் பொருத்துவதற்குப் பொதுவாக மயக்க மருந்து தேவைப்படாது. முதலில் அல்ட்ராசவுண்ட் கருவியால் மேற்கைச் சிரைகளைப் பார்க்கிறார்கள். உட்பக்கத்தில் ஓடும் பசிலிக் சிரைக்கே பெரும்பாலும் முதலிடம். அது அகலமானது, நேராகச் செல்வது, தமனியிலிருந்தும் நரம்பிலிருந்தும் சற்று விலகியிருப்பது. குழாயின் பருமன் சிரையின் விட்டத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் அந்த விட்டமும் அளக்கப்படும். குழாயைச் சுற்றி இரத்தம் ஓட இடமில்லாவிட்டால் அது உறைந்து கட்டியாகும். பிறகு நாடாவால் கையிலிருந்து மார்பு வரை அளந்து குழாயின் நீளத்தை முடிவு செய்வார்கள்.

கிருமிநீக்கம் செய்து, உடலைத் துணியால் மூடியபின், தோலை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகேய்ன் ஊசி போடப்படும். சில நொடிகள் நீடிக்கும் அந்த எரிச்சலே பலருக்கும் இந்தச் சிகிச்சையின் ஆகப்பெரிய வலி. அடுத்து ஊசி, அதன் வழியே மெல்லிய கம்பி, கம்பியின்மேல் ஓர் உறை, உறைக்குள் குழாய் என ஒன்றையொன்று பின்தொடரும் முறை வருகிறது. இதன் அடிப்படையை 1953இல் சுவீடனைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் செல்டிங்கர் வகுத்தார். குழாய் உள்ளே நகர்வதைப் பெரும்பாலானோர் உணர்வதேயில்லை.

"தலையை இந்தக் கைப்பக்கம் திருப்பி, முகவாயைத் தோளில் வையுங்கள்" என்று நடுவில் சொல்வார்கள். அப்படிச் செய்வதால் கழுத்துச் சிரையின் வாய் குறுகி, குழாய் மேல்நோக்கிப் போகாமல் மார்பை நோக்கித் திரும்புகிறது. வழிதவறிக் கழுத்துக்குள் போய்விட்டால், உப்புநீரைச் செலுத்தும்போது காதருகே நீரோடும் ஓசை கேட்பதாகச் சில நோயாளிகள் சொல்வதுண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. முனை இதய அறையைத் தொட்டால் படபடப்புத் தோன்றலாம். சற்றே பின்னிழுத்தால் அடங்கிவிடும்.

கைவழியே இதயத்தை எட்டுவது ஒருகாலத்தில் தற்கொலைக்கு ஒப்பாகவே கருதப்பட்டது. பெர்லினுக்கு அருகிலுள்ள எபர்ஸ்வால்டே மருத்துவமனையில் 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், 65 சென்டிமீட்டர் குழாயைத் தம் கைச் சிரையிலேயே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படமெடுத்து நிரூபித்தார். 1956இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்றும் முனை சரியான இடத்தில் நிற்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டும். இதயத் துடிப்புக்கான மின்தூண்டல் பிறக்கும் முடிச்சை முனை நெருங்க நெருங்க ஈசிஜியில் மேலறைகளின் தூண்டலைக் காட்டும் பி அலை உயர்ந்துகொண்டே போவதைக் கொண்டும் அதை அறியலாம்.

வீட்டுக்குப் போனபின் வாரம் ஒருமுறையாவது குழாய் நுழையும் இடத்தின் மேலுள்ள கட்டை மாற்றி, உப்புநீரால் குழாயை அலச வேண்டும். அதற்கு 10 மில்லிலிட்டர் சிரிஞ்சையே செவிலியர் எடுப்பார். சிறிய சிரிஞ்சு அதே விரலழுத்தத்தில் மிகுந்த அழுத்தத்தை உண்டாக்கி, அடைபட்ட குழாயைக் கிழித்துவிடக்கூடும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கட்டு நனையக் கூடாது. கை வீங்கினாலோ, அலசியபின் குளிருடன் காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளோர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பின்னாளில் டயாலிசிஸுக்குத் தேவைப்படும் சிரைகளைக் காப்பதற்காக, அவர்களுக்குப் பிக் லைனைத் தவிர்க்கவே மருத்துவர்கள் முயல்வார்கள்.

அகற்றுவது சில நிமிட வேலைதான். ஆனால் உட்கார்ந்தபடி செய்துகொள்ள முடியாது. நிமிர்ந்திருந்து மூச்சை இழுக்கும்போது மார்புச் சிரைகளின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்து, குழாய் வெளிவரும் துளை காற்றை உள்ளிழுத்துவிடலாம். ஆகவே படுக்கவைத்து, கையை இதய மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி, கடைசிப் பகுதி வெளிவரும்போது மூச்சை அடக்கி முக்கச் சொல்வார்கள். சிரை இறுகிக் குழாயைப் பிடித்துக்கொண்டால் வெதுவெதுப்பான ஒற்றடம் கொடுத்துக் காத்திருப்பார்களே தவிர, வலிந்து இழுக்க மாட்டார்கள். வெளியே வந்த குழாயை அளந்து, பொருத்தியபோது குறித்த நீளத்துடன் ஒப்பிட்டு, முனை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். துளையை அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத கட்டுப் போட்டு, அரை மணி நேரம் படுத்திருக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டு குறைந்தது 24 மணி நேரம் இருக்க வேண்டும்.