பெட்டை என்றால் பயம், பெடியன் என்றால் கோபம்

கொக்குவிலில் தங்கச்சி வீட்டுக் குசினியில் குக்கர் விசில் அடிக்க, விறாந்தையில் இருந்த ஒன்பது மாதப் பிள்ளை வீரிட்டு அழுதது. அக்காவின் பழைய சட்டைதான் அன்றைக்குப் போட்டிருந்தது. சீட்டுக்காசு வாங்க வந்த அன்ரி, "ஐயோ, பெட்டை பயந்திட்டாள்" என்று தூக்க ஓடினா. அது பெடியன் என்றோம். "அதுதானே பார்த்தன், என்ன கோபம் இவனுக்கு!"

அழுகை அதே அழுகைதான்.

அன்ரியைக் குறை சொல்ல ஏலாது. 1976இல் ஜோன் கொன்ட்ரி, சாண்ட்ரா கொன்ட்ரி என்ற இரு ஆய்வாளர்கள், பெட்டிக்குள்ளிருந்து துள்ளி எழும் பொம்மையைக் கண்டு ஒரு குழந்தை கலங்குகிற வீடியோவை 204 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். அதுவும் ஒன்பது மாதப் பிள்ளைதான். ஆண் என்று நினைத்துப் பார்த்தவர்களுக்கு அதில் கோபம் கூடுதலாகத் தெரிந்தது, பெண் என்று நினைத்தவர்களுக்குப் பயம்.

பயந்த பிள்ளையை அணைப்போம், கோபக்காரனை விட்டுப்பிடிப்போம், கொஞ்சம் வளர்ந்ததும் "என்ன பெட்டையள் மாதிரி அழுறாய்" என்று அதட்டுவோம். ஒருமுறை என்றால் ஒன்றுமில்லை. நாளுக்குப் பத்துத் தடவை, வருடக்கணக்காக நடந்தால் பிள்ளை அப்படியே பழகிவிடும், பிறகு நாங்களே அதைக் காட்டி "பிறவிக்குணம்" என்போம். (பிறவியில் வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை, வளர்ப்பு முதல் நாளே தொடங்கிவிடுவதால் இரண்டையும் பிரித்தெடுப்பது பெரும்பாடு.)

2017இல் உளவியலாளர் லின் பியன் குழுவினர் அமெரிக்காவில் சிறுவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஐந்து வயதில், மிக மிகக் கெட்டிக்கார ஆள் யார் என்றால் சிறுமியரும் தங்கள் பக்கத்தையே காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் அது குறைந்துவிட்டது. ஆனால் வகுப்பில் நல்ல மார்க்ஸ் எடுப்பது பெண்பிள்ளைகள் என்பது அவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது!

யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் யாருக்கு என்ன குணம் என்று முடிவுகட்டுகிறோம் என்பது உளவியலாளர் அலிஸ் ஈக்லி 1987இல் விளக்கிய கோட்பாடு. அந்த முடிவு சில நேரம் சட்டமாகவும் உறைந்துவிடும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த, எங்கள் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில் சீதன வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம், ஆனால் மணமான பெண் அதை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும்.

என் மச்சாள் வங்கியில் மற்றவர்களின் கடனுக்கு லட்சக்கணக்கில் கையெழுத்து வைக்கிற ஆள். சீதனக் காணியை விற்க உறுதியோடு போனவளிடம் நொத்தாரிசு கேட்ட முதல் கேள்வி, "அவர் வரேல்லையோ?" அவர் வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.