ஹெட் விரிசல் விடுவது ஆறும்போது

கடலூர் முதுநகரில் லாரி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டர்போ எஞ்சின் சார். ஒன்றரை வருஷத்தில் ரெண்டு தடவை சிலிண்டர் ஹெட் கிராக் ஆகிவிட்டது. இப்போது மூன்று ஹெட் காட்டுகிறார்கள். பழையது மாதிரியே சாதா வார்ப்பிரும்பு ஒன்று, மாலிப்டினம் கலந்த ஹெவி டியூட்டி ஒன்று, போர்ட்டைப் பெரிதாகக் குடைந்தது ஒன்று. சூடு சீக்கிரம் இறங்கும் என்று அலுமினியத்தையும் ஒருத்தர் சொல்கிறார். எதைப் போடுவது?"

ஹெட் என்பது சிலிண்டரின் மூடி. காற்றையும் புகையையும் திறந்து மூடும் வால்வு, அவை போய்வரும் வழியான போர்ட், டீசலைப் பீய்ச்சும் நாசில், தண்ணீர் ஓடும் வழி எல்லாம் அதற்குள்தான். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்திய சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்பது பள்ளியில் படித்ததுதான். பற்றும்போது அழுத்தம் 150 பார் வரை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் 150 மடங்கு வரை போகும். சிலிண்டரின் விட்டம் 104 மி.மீ. என்றால், கிட்டத்தட்ட 13 டன் விசை அந்த மூடியைத் தூக்கிப் பார்க்கிறது. 2000 ஆர்.பி.எம்.மில் இது நிமிடத்துக்கு 1000 முறை நடக்கிறது. இந்த 13 டன்தான் ஹெட்டை உடைக்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் அது இல்லை.

கழற்றிய ஹெட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். காற்று வரும் இன்லெட் வால்வு உட்காரும் சீட்டுக்கும், புகை போகும் எக்ஸாஸ்ட் வால்வின் சீட்டுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒடுங்கிய ஓர் இடம் இருக்கும். பாலம் என்று வைத்துக்கொள்வோம். கிராக் அநேகமாக அங்கேதான், ஒரு சீட்டிலிருந்து மறு சீட்டுக்கு மயிரிழையாக ஓடியிருக்கும்.

லோடு ஏற்றிக்கொண்டு ஓடும்போது இந்தப் பாலம் 300 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். சுற்றியுள்ள இரும்பு தண்ணீர் பட்டுக் குளிர்ச்சியாக இருக்கும். சூடான பாலம் விரியப் பார்க்கிறது. 10 மி.மீ. அகலப் பாலம் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விரிய வேண்டியது 0.02 மி.மீ.தான், தலைமுடிப் பருமனில் பாதிகூட இல்லை. அந்த இடத்தையும் சுற்றியிருக்கும் இரும்பு கொடுப்பதில்லை. பாலம் நெருக்கப்படுகிறது. வார்ப்பிரும்புக்கு நெருக்கம் பெரிய விஷயமே இல்லை. இழுவிசையைப் போல மூன்று, நான்கு மடங்கு அமுக்கத்தைத் தாங்கும். அதனால் உடையாமல், சூட்டில் இளகியிருப்பதால் கொஞ்சமாக அமுங்கிக் குறுகிக்கொள்கிறது.

அப்புறம் வண்டி நிற்கிறது, எஞ்சின் ஆறுகிறது. இப்போது பாலம் தன் பழைய அகலத்தில் இல்லை, குறுகிவிட்டது. ஆனால் இரண்டு பக்கமும் அதே ஹெட்டோடு ஒட்டித்தானே இருக்கிறது? இரு பக்கமும் அதை இழுக்கின்றன. வார்ப்பிரும்புக்கு ஆகாதது இந்த இழுப்புதான். விரிசல் கொதிக்கும்போது விழவில்லை, ஆறும்போது விழுகிறது! கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் அறுந்துபோவது போல, ஒவ்வொரு சூடும் ஆறலும் ஒரு மடிப்பு. நெடுந்தூரம் ஒரே சீராக ஓடும் வண்டியைவிட, துறைமுகத்துக்கும் சிப்காட்டுக்கும் நடுவே நாள் முழுக்க நின்று நின்று ஓடும் வண்டியின் ஹெட்டுக்கு இந்த மடிப்புகள் அதிகம்.

இழுப்பு ஏன் ஆகாது? சாதா வார்ப்பிரும்பை மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், இரும்போடு கலந்த கரி (கார்பன்) கறுப்புச் செதில் செதிலாகப் பரவியிருப்பது தெரியும். ஒவ்வொரு செதிலின் முனையும் கூர்மை; இழுத்தால் அங்கிருந்துதான் கிழியும். ஆனால் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதும் அதே செதில்கள்தான். கரியை உருண்டையாக்கினால் இரும்பு முரட்டு பலம் பெறும், வெப்பக் கடத்தல் குறையும், பாலம் இன்னும் சூடாகும். இரண்டுக்கும் நடுவில், முனை மழுங்கிய புழு போல கரி படியும் இரும்பும் உண்டு. செதில் இரும்பைவிட 75 சதவீதமாவது கூடுதல் இழுவலிமை, வெப்பக் கடத்தலில் கொஞ்சம்தான் இழப்பு. உருக்கிய இரும்பில் சேர்க்கும் மெக்னீசியத்தின் அளவு இம்மி பிசகினாலும் கரியின் வடிவம் மாறிவிடும். ஒரு துளி உலோகத்துக்குள் இவ்வளவு நுணுக்கம் இருப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். மாலிப்டினமும் குரோமியமும் வேறு வழியில் உதவுகின்றன: சூட்டில் இரும்பு இளகுவதைக் குறைக்கின்றன. பாலம் அமுங்கவில்லை என்றால் ஆறும்போது இழுபடவும் வேண்டியதில்லை.

அலுமினியம் வெப்பத்தை மூன்று மடங்கு வேகமாகக் கடத்தும், உண்மை. ஆனால் 250 டிகிரிக்கு மேல் பலம் வேகமாகச் சரியும். விரிவதும் இரும்பைப் போல இரண்டு மடங்கு. ஒரு மீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால், கீழே உள்ள இரும்பு பிளாக்கைவிட 0.8 மி.மீ.க்கு மேல் கூடுதலாக நீளப் பார்க்கும். தேய்வது, கசியாமல் இருக்க இரண்டுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கட். சின்ன வண்டிகளுக்குச் சரி, உங்கள் லாரிக்கு வேண்டாம். போர்ட் குடைந்ததும் வேண்டாம்: காற்றைத் திணிக்க டர்போ இருக்கிறது, குடையும்போது உள்ளே வரும் காற்றின் சுழற்சி கெட்டால் புகைதான் மிச்சம்.

ஆக, மாலிப்டினம் ஹெட். ஆனால் அதை மட்டும் மாற்றினால் மூன்றாவது கிராக்குக்கும் தயாராக இருங்கள். ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்? கடலோர போர் தண்ணீர் என்றால், உப்பு ஹெட்டுக்குள் படிந்துவிடும். 1 மி.மீ. உப்புப் படிவு, வெப்பத்தைத் தடுப்பதில் குறைந்தது 20 மி.மீ. தடித்த இரும்புக்குச் சமம். பிளாக்கையும் ரேடியேட்டரையும் கழுவாமல் புது ஹெட் போட்டதால்தான் இரண்டாவதும் போயிருக்கும் என்பது என் ஊகம். "இந்த வண்டிக்கு நேரம் சரியில்லை, அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைங்க" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். உடைப்பது அவரவர் நம்பிக்கை. அதோடு காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. மாலிப்டினம் இருக்கிறது என்று ஸ்டிக்கர் சொல்கிறது. சோதித்துப் பார்க்க லாரிக்காரர் எங்கே போவார்? பக்கத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலோக இணைப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கு அரசு கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து, கடலூர், புதுச்சேரி மேட்டுப்பாளையம் பட்டறைக்காரர்களும் குறைந்த கட்டணத்தில் ஒரு துண்டு இரும்பைக் காட்டிக் கேட்க வழி செய்ய வேண்டும். ராக்கெட்டுக்கு நிகராக இதுவும் ஆராய்ச்சிதான்.

வாங்கும்போது தண்ணீரில் அமிழ்த்தி, காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பிளாக்கின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கேஸ்கட் வேண்டாம். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும். ரேடியேட்டரில் இனி கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் மட்டும். முழு லோடில் வந்து நின்றதும் சாவியைத் திருப்பாமல் இரண்டு, மூன்று நிமிடம் ஐடிலில் விடச் சொல்லி டிரைவரிடமும் சொல்லிவையுங்கள். பாலத்தின் சூட்டைத் தண்ணீர் நிதானமாக எடுத்துக்கொள்ளும், டர்போவுக்கும் நல்லது.