ஐபேடின் பூட்டு எங்கே இருக்கிறது?

"ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் நண்பர் அனுப்பிய ஏபிகே கோப்பைத் தட்டினால் செயலி ஏறிவிடுகிறது. ஐபேடில் அது நடப்பதே இல்லை. கல்லூரி ப்ராஜெக்டுக்காக நானே எழுதிய செயலியைக்கூட என் ஐபேடில் ஏற்றினால் ஒரு வாரம்தான் ஓடுகிறது, அப்புறம் திறக்க மறுக்கிறது. ஆப்பிள் இதை எப்படிச் செய்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. பலர் நினைப்பதுபோல் காவல் ஆப் ஸ்டோரின் வாசலில் நின்றுவிடுவதில்லை. ஸ்டோர் வெறும் கடை முகப்பு. பூட்டு சிப்புக்குள் இருக்கிறது.

2007-இல் ஐபோன் வந்தபோது வெளியார் எழுதிய செயலிகளுக்கு அதில் இடமே கிடையாது. 2008 ஜூலையில் 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்தது. 2010-இல் வந்த ஐபேட் அதே இயங்குதளத்தையும் அதே விதியையும் எடுத்துக்கொண்டது: ஆப்பிளின் ஒப்புதல் வழியாக வராத எந்த நிரலும் இதில் ஓடாது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாஷ் என்பது எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் நிலையான நீளத்தில் ஓர் எண்ணைத் தரும் கணக்கு. ஷா-256 முறையில் அது 256 பிட். கோப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றினால் போதும், வரும் எண்ணில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் புரண்டுவிடும். டிஜிட்டல் கையொப்பத்துக்கு இரண்டு சாவிகள். ரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டுமே கையொப்பமிட முடியும். பொதுச் சாவி வைத்திருக்கும் எவரும் அதைச் சரிபார்க்கலாம். இந்த வகையில் புகழ்பெற்ற ஆர்எஸ்ஏ முறை 1977-இல் வந்தது. பெரிய பகா எண்களின் மேல் நிற்கிறது. எண் கோட்பாட்டுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் "இதனால் என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும். ஓர் எண் பகா எண்ணா என்று கண்டறியும் சிக்கலில் 2002-இல் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னவர் இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். பயன் என்ன என்று விண்ணப்பப் படிவத்திலேயே எழுதச் சொல்லியிருந்தால் இந்த மாதிரி வேலைகளில் பாதி தொடங்கியே இருக்காது என்பது என் எண்ணம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஐபேடின் சிப்பைத் தயாரிக்கும்போதே அதன் பூட் ரோம் என்ற பகுதியில் ஆப்பிளின் பொதுச் சாவி பொறிக்கப்பட்டுவிடுகிறது. அதை அழிக்கவோ மாற்றவோ முடியாது. மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது பூட் ரோம். அது ஐபூட் என்ற அடுத்த நிரலின் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் வழிவிடும். ஐபூட், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைச் சரிபார்க்கும். கர்னல் மற்ற எல்லாவற்றையும். மாற்ற முடியாது என்பதில் ஒரு விபரீதமும் இருக்கிறது: பூட் ரோமிலேயே பிழை இருந்தால் ஆப்பிளாலும் அதைத் திருத்த முடியாது. 2019 செப்டம்பரில் வெளியான செக்மேட் என்ற ஓட்டை அப்படிப்பட்டது. ஏ5 முதல் ஏ11 வரையிலான சிப்புகள் அனைத்தும் அதில் மாட்டின. அந்தச் சிப்புகள் உள்ள பழைய ஐபேடுகளில் அந்த ஓட்டை இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் கேபிள் மாட்டித்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்பதால், பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஆபத்தும் இல்லை, லாபமும் இல்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். கர்னல் ஒரு செயலியை எப்படிச் சரிபார்க்கிறது?

நிறுவும்போது ஒருமுறை கையொப்பத்தைப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. நேற்று நிறுவிய கோப்பை இன்று யாராவது மாற்றியிருக்கலாம். சரி, திறக்கும்போதெல்லாம் முழுக் கோப்புக்கும் ஹாஷ் போடலாமா? ஒரு செயலியின் இயந்திர நிரல் மட்டுமே நூறு எம்பி இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அதை முழுக்கப் படித்துக்கொண்டிருந்தால் ஐபேட் தவழும். அதோடு, படித்து முடித்த கணத்துக்கும் ஓடும் கணத்துக்கும் இடையில் ஒரு சந்து எப்போதும் இருக்கும்.

ஆப்பிளின் தீர்வைப் புரிந்துகொள்ள ஒரு கிரயப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தாளில் மட்டும் கையெழுத்து வாங்கினால் நடுவில் ஒரு தாளை உருவிவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம். அதனால்தான் தாள்தோறும் கையெழுத்து, தாள்தோறும் சார்பதிவாளர் முத்திரை, இத்தனை தாள்களில் இது எத்தனையாவது என்ற குறிப்பு. செயலியின் நிரலும் இதேபோல் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பக்கம் வழக்கமாக 4,096 பைட். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஹாஷ். இந்த ஹாஷ்களை வரிசையாக அடுக்கி ஒரு பட்டியல். அந்தப் பட்டியலுக்கு ஒரு ஹாஷ். கையொப்பம் விழுவது அந்த ஒற்றை ஹாஷின் மேல்தான். நூறு எம்பி நிரலுக்கு 25,600 பக்கங்கள். ஒரு ஹாஷ் 32 பைட் என்றால் மொத்தப் பட்டியல் 800 கேபி. அவ்வளவுதான் செலவு. செயலியைத் திறக்கும்போது கர்னல் இந்தச் சின்னப் பட்டியலின் கையொப்பத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு ஓடவிட்டுவிடும்.

அப்படியானால் நிரலை எப்போது பார்க்கிறது? எந்த நவீன இயங்குதளமும் செயலியை முழுதாக நினைவகத்தில் ஏற்றுவதில்லை. தேவைப்படும் பக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால் சிப் தடுக்கி நிற்கும். கர்னல் ஓடிவந்து சேமிப்பகத்திலிருந்து அந்த ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து வைக்கும். நினைவகச் சிக்கனத்துக்காகப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவான ஏற்பாடு இது. அந்தத் தடுக்கலையே ஆப்பிள் சோதனைச் சாவடியாக்கிவிட்டது. பக்கத்தை வைத்த கையோடு கர்னல் அதற்கு ஹாஷ் போட்டுப் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் ஓடலாம். பொருந்தாவிட்டால் அந்தக் கணமே செயலி கொல்லப்படும். பயனருக்குத் தெரிவதெல்லாம் திரை சட்டென்று மூடிக்கொள்வதுதான்.

சோதிக்கப்படுவது சேமிப்பகத்தில் கிடக்கும் கோப்பு அல்ல, ஓடவிருக்கும் அதே பிரதி என்பதைக் கவனியுங்கள். நிரல் உள்ள பக்கத்தில் எழுத முடியாது, எழுதக்கூடிய பக்கத்தை நிரலாக ஓட்ட முடியாது என்று இன்னொரு விதி கூடவே இருப்பதால், சோதித்த பிறகு மாற்றவும் வழியில்லை. நினைவகம் நெருக்கடியானால் கர்னல் பழைய பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடும். மறுபடி தேவைப்பட்டால் மறுபடி கொண்டுவரும், மறுபடி சோதிக்கும். நீங்கள் ஒருபோதும் தொடாத மெனுவின் நிரல் ஒருபோதும் சோதிக்கப்படுவதில்லை, தேவையும் இல்லை. வேறெதற்காகவோ ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு வேலையின் முதுகில் இவ்வளவு பெரிய பாதுகாப்பை ஏற்றிய பொறியாளர்களை எனக்கு நேரில் பார்த்துக் கைகுலுக்க வேண்டும்.

விதி என்றால் விலக்கும் உண்டு. இணையப் பக்கங்களின் ஜாவாஸ்கிரிப்டை வேகமாக ஓட்ட, அந்தக் கணத்திலேயே புது இயந்திர நிரலை உண்டாக்க வேண்டும். 2011-இல் வந்த ஐஓஎஸ் 4.3-இல் ஆப்பிளின் சொந்த உலாவியான சஃபாரிக்கு மட்டும் அந்த அனுமதி கிடைத்தது. அந்த விலக்கில் ஒரு பொத்தலைக் கண்டுபிடித்த சார்லி மில்லர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், பங்குச் சந்தை விலை காட்டும் அப்பாவிச் செயலி ஒன்றை ஸ்டோரில் ஏற்றி, பின்னர் தன் சர்வரிலிருந்து கையொப்பமில்லாத நிரலை அதற்குள் இறக்கிக் காட்டினார். ஆப்பிள் பொத்தலை அடைத்தது. அவரையும் செயலி எழுதுபவர்களுக்கான தன் திட்டத்திலிருந்து ஓர் ஆண்டுக்கு வெளியே தள்ளியது. பிழையைக் காட்டியவரைத் தள்ளிவைப்பது மட்டமான பழக்கம்.

கையொப்பம் செயலி நல்லது என்று சொல்வதில்லை. ஒப்புதல் கொடுத்த பிறகு யாரும் கைவைக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. 2015-இல் சீனாவில் புழங்கிய போலி எக்ஸ்கோட் (ஆப்பிள் கருவிகளுக்குச் செயலி எழுத உதவும் மென்பொருள்) பிரதியால் வீசாட் உட்படப் பல செயலிகளில் வேண்டாத நிரல் புகுந்தது. எல்லாமே முறையான கையொப்பத்தோடு ஸ்டோருக்கு வந்தவை. 2020 ஆகஸ்டில் எபிக் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் தன் சொந்தக் கட்டண வழியை ஒளித்துவைத்து, பரிசீலனை முடிந்தபின் சர்வரிலிருந்து அதைத் திறந்துவிட்டது. ஒரு பக்கத்தின் ஹாஷ்கூட மாறவில்லை. "ஸ்டோரில் இருக்கிறது, அதனால் பாதுகாப்பு" என்று நம்புவதை நான் மூடநம்பிக்கைப் பட்டியலில்தான் சேர்ப்பேன்.

வாசகரின் ஒரு வாரக் கணக்குக்கு விடையும் இந்தச் சாவிகளில்தான். இலவச ஆப்பிள் கணக்கில் கிடைக்கும் கையொப்ப அனுமதி ஏழு நாளில் காலாவதியாகும். ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால் ஓராண்டு. நிரலில் எதுவும் கெடவில்லை; மறுபடி கையொப்பமிட்டு ஏற்றினால் இன்னொரு ஏழு நாள் ஓடும்.

கடையிலிருந்து நீக்குவதும் சாவியை ரத்து செய்வதும் வேறு வேறு. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால் டிக்டாக் இந்திய ஸ்டோர்களிலிருந்து சில நாள் மறைந்தபோது, ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில், ஊழியர்களுக்கென்று கொடுத்த சான்றிதழை (கையொப்பச் சாவிக்கு ஆப்பிள் தரும் அங்கீகாரம்) பொதுமக்களிடம் பயன்படுத்தியதாக ஃபேஸ்புக்கின் சான்றிதழை ஆப்பிள் ரத்து செய்தது. அந்த நிறுவனத்தின் உள்செயலிகள் எல்லாம், மதியச் சாப்பாட்டுப் பட்டியல் காட்டும் செயலி உட்பட, படுத்துவிட்டன.

இந்தப் பூட்டு ஆப்பிளிடம் மட்டும்தான் இருந்தாக வேண்டுமா? 2020-இல் வந்த மேக்புக் ஏரிலும் 2021-இல் வந்த ஐபேட் ப்ரோவிலும் இருப்பது எம்1 சிப்தான். மேக்கில் நானே எழுதியதை நானே கையொப்பமிட்டுக் காலமெல்லாம் ஓட்டலாம். ஐபேடில் முடியாது. வன்பொருளுக்கு இதில் எந்தக் கட்டாயமும் இல்லை. இது வியாபார முடிவு, பெரிய நிறுவனங்களின் டிஜிட்டல் விற்பனையில் 30 சதவீதம் கமிஷன் கொண்டுவரும் முடிவு. பக்கம் பக்கமாகச் சோதிக்கும் ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பணம் கொடுத்து வாங்கியவரின் சாவியையும் பட்டியலில் சேர்க்க ஒரு வழி வைத்தால் பொறியியலுக்கு எந்தக் குறையும் வராது.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. 2024 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 18 முதல் அங்கே மாற்று ஸ்டோர்கள் ஐபேடுக்குள் வரலாம். ஆனால் அந்த ஸ்டோர்களின் செயலிகளும் முதலில் ஆப்பிளிடம் போய் நோட்டரைசேஷன் என்ற சோதனையைத் தாண்டி, ஆப்பிளின் கையொப்பத்தோடுதான் திரும்புகின்றன. கூகுளோ எதிர்த்திசையில் நகர்கிறது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, தன் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் அடையாளம் காட்டிப் பதிவு செய்தவர்களின் செயலிகளே நிறுவப்படும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டி நிறுவிக்கொள்ள ஒரு வழி வைப்பதாகச் சொன்னது. மற்ற நாடுகளுக்கு இந்தப் பதிவு விதி 2027 முதல் என்பது திட்டம்.