சிலிண்டரை ஆட்டினால் ஏன் தளும்புகிறது?

கேஸ் தீரப்போகிறதோ என்று சந்தேகம் வந்தால் நம் வீடுகளில் முதல் வேலை, சிலிண்டரைக் கொஞ்சம் தூக்கி ஆட்டிப் பார்ப்பது. உள்ளே ஏதோ தளும்பினால் இன்னும் சில நாள் ஓடும் என்று நிம்மதி. வாயு எங்கேயாவது தளும்புமா? உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம்.

திடம், திரவம், வாயு என்று பள்ளியில் படித்தபோது ஒவ்வொன்றுக்கும் உதாரணம் எழுதச் சொன்னார்கள். கல், பால், காற்று என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். அதில் ஒரு சிக்கல்: இன்ன பொருள் இன்ன நிலை என்பது பிறவிக் குணம் மாதிரி மனதில் பதிந்துவிடுகிறது. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெயே அதை மறுக்கும். அது உருகுவது 24 டிகிரியை ஒட்டி. ஆனால் வெப்பம் பாதிக் கதைதான். மீதிப் பாதி அழுத்தம். அதைக் கற்றுக்கொள்ள அடுப்படி சிலிண்டரைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

எல்.பி.ஜி. என்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. திறந்த வெளியில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில். அதனால் நம் ஊர் வெயிலில் இரண்டுமே வாயுதான். ஆனால் வெளிக்காற்றைவிடச் சில மடங்கு அழுத்தம் கொடுத்தால் போதும், குளிரவைக்காமலேயே திரவமாகிவிடும். வீட்டு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ, திரவமாக இருக்கும்போது ஏறக்குறைய 26 லிட்டர்தான். அத்தனையையும் வாயுவாக வெளியே விட்டால் 6,000 லிட்டரைத் தாண்டும். திரவமாக்காமல் இதை வீட்டுக்குக் கொண்டுவருவதாக இருந்தால் லாரிதான் பிடிக்க வேண்டும்.

அடுப்பைத் திறந்ததும் என்ன நடக்கிறது? சிலிண்டரின் மேல் பகுதியில், திரவத்துக்கு மேலே, கொஞ்சம் வாயு தேங்கி நிற்கும். முதலில் வெளியேறுவது அதுதான். அது போனதும் உள்ளே அழுத்தம் சற்றுக் குறையும். உடனே கீழே இருக்கும் திரவம் கொதித்து, போன வாயுவை ஈடுகட்டும். ஆமாம், கொதிக்கிறது, அடியில் நெருப்பே இல்லாமல். அதற்கு வேண்டிய வெப்பத்தை உலோகச் சுவர் வழியாகச் சமையலறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டுக்குப் போக வேண்டும். பெரிய பர்னரில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் சிலிண்டரின் கீழ்ப்பாதி குளிர்ந்து, வேர்த்துப்போயிருக்கும். சில நேரம் வெள்ளையாக உறைபனியே படிந்திருக்கும். திரவம் வேகமாக ஆவியாகும்போது, காற்று கொடுக்கும் வெப்பம் போதாமல் தன் சூட்டையே செலவழித்துக் குளிர்ந்துவிடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பார்க்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. மேலே சீக்கிரம் காய்ந்துவிடும், கீழே ஈரம் நிற்கும். திரவம் இருக்கும் பகுதி அவ்வளவு எளிதில் சூடேறாது என்பதால் அங்கே ஈரம் தாமதமாகக் காய்கிறது. ஈரம் நிற்கும் மட்டம்தான் திரவத்தின் மட்டம். எளிய சோதனை, ஆபத்தும் இல்லை. சிலிண்டரைப் படுக்கப்போட்டு எரிப்பது அப்படியல்ல. வாயு போக வேண்டிய வழியில் திரவம் புகுந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டர் அளவுக்கு விரிந்தால் அடுப்பில் தீ எப்படிச் சீறும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

"நேற்று வரைக்கும் நன்றாகத்தானே எரிந்தது" என்ற புலம்பலுக்கும் இதில் விடை இருக்கிறது. உள்ளே கொஞ்சமேனும் திரவம் இருக்கும்வரை அது ஆவியாகி அழுத்தத்தைத் தூக்கி நிறுத்திவிடும். பாதி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். திரவம் தீர்ந்த பிறகுதான் தீ சுருங்கும். அதனால் எவ்வளவு மிச்சம் என்பதை அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. எடை பார்க்க வேண்டும்.

சரி, எந்த வாயுவையும் இப்படி அமுக்கித் திரவமாக்கிவிடலாமா? 1823-இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே குளோரினைத் திரவமாக்கியபோது அப்படித்தான் நம்பிக்கை வந்தது. ஆனால் ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் எவ்வளவு அமுக்கியும் மசியவில்லை. காரணம் 1869-இல் தெளிவானது. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடை வைத்துச் சோதித்து, ஏறக்குறைய 31 டிகிரிக்கு மேல் போனால் எந்த அழுத்தத்திலும் அது திரவமாகாது என்று காட்டினார். ஒவ்வொரு வாயுவுக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. மாறுநிலை வெப்பநிலை என்பார்கள். அதற்கு மேலே மூலக்கூறுகளின் ஓட்டம் மிக வேகம். எவ்வளவு நெருக்கினாலும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்த முடியாது.

புரொப்பேனுக்கு அந்த வரம்பு 97 டிகிரிக்குப் பக்கத்தில். அதனால்தான் நம் சமையலறையில் அது திரவமாக இருக்கிறது. சி.என்.ஜி. என்னும் அமுக்கிய இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதியாக இருக்கும் மீத்தேனுக்கோ மைனஸ் 82. ஆட்டோவின் சி.என்.ஜி. தொட்டியில் காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கு அமுக்கி அடைத்தாலும் அது வாயுதான், துளி கூடத் தளும்பாது. மீத்தேனைத் திரவமாக்கக் குளிரவைத்தே ஆக வேண்டும். எண்ணூர் துறைமுகத்துக்குக் கப்பலில் வருவது அப்படி மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்த இயற்கை எரிவாயு.

ஆண்ட்ரூஸ் கண்ட அந்த 31 டிகிரி நம் ஊருக்கு ரொம்பப் பக்கம். அலுவலகச் சுவரில் கறுப்புக் கூம்போடு தொங்கும் தீயணைப்பானில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. மார்கழியில் அதன் உள்ளே திரவம் இருக்கும். கத்திரி வெயிலில் குளிர்சாதனம் இல்லாத கிடங்கில் தொங்கினால், திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே இருந்த கோடே மறைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். அது திரவமா வாயுவா என்று கேட்டால் இரண்டும் இல்லை. இந்த வகைத் தீயணைப்பானில் அழுத்தமானி இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? அழுத்தத்தைப் பார்த்து அளவு சொல்ல முடியாத அதே சங்கடம். எடை போட்டுத்தான் சரிபார்ப்பார்கள். திறந்தால் சீறிவரும் வாயுவோடு வெள்ளைத் தூளும் வரும். அது மைனஸ் 78 டிகிரியில் உறைந்த கார்பன் டை ஆக்சைடு, திடம். கூம்பும் சேர்ந்து குளிர்ந்துவிடும் என்பதால் அதை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, தோல் வெந்ததுபோல் புண்ணாகிவிடும். பிடிப்பதற்கென்று கைப்பிடி இருக்கிறது.