விஞ்சியது யார், எதில்?

2023 நவம்பர் 15 அன்று மும்பை வான்கடே மைதானத்தில், உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக விராட் கோலி தம் ஐம்பதாவது ஒருநாள் சதத்தை அடித்தபோது, “சச்சினை விஞ்சினார் கோலி” என்று தலைப்பிடத்தான் எவருக்கும் முதலில் தோன்றும். செய்திப் பிரதிகளைச் செம்மைப்படுத்துவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்தத் தலைப்பில் இன்றியமையாத ஒன்று விடுபட்டிருப்பதாகவே படும். அன்று கடக்கப்பட்டது சச்சினின் 49 ஒருநாள் சதங்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே. டெஸ்ட் சதங்களையும் சேர்த்து அவர் அடித்திருந்த 100 சர்வதேசச் சதங்கள் எவராலும் எட்டப்படாமல் நின்றன. “ஒருநாள் சதங்களில் சச்சினை விஞ்சினார் கோலி” என்று எழுதினால் நடந்ததைச் சொன்னதாகும். அந்த முதலிரண்டு சொற்களை நீக்கிவிட்டால், இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்ற வழக்கில் நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

“விஞ்சு” என்னும் வினை யாரை என்பதை “ஐ” உருபாலும் எதில் என்பதை “இல்” உருபாலும் ஏற்கிறது. “குரலில் அக்காளை விஞ்சிவிட்டாள்” என்னும்போது இரண்டும் இருக்கின்றன. இடநெருக்கடியில் தலைப்பைச் சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவது இந்த “எதில்” என்பதைத்தான். ஆனால் இந்த வினைக்குப் பொருள் தருவதே அந்தப் பகுதிதான் என்பதால், வேறு எதை வெட்டினாலும் அதை வெட்ட நான் இசைவதில்லை.

இதைவிட என்னை வருத்துவது இன்னொரு பிழை. 2020 மார்ச் 19 அன்று இத்தாலியின் கொரோனா இறப்பு எண்ணிக்கை சீனாவின் எண்ணிக்கையைத் தாண்டியது. இத்தகைய செய்திகளில் “பலியில் சீனாவை விஞ்சியது” என்று எழுதுபவர்கள் அதை வெறும் எண்ணிக்கைச் சொல்லாகக் கருதுகிறார்கள். நம் காதில் அது அப்படி ஒலிப்பதில்லை. அழகில், அறிவில், ஆற்றலில், வள்ளன்மையில் ஒருவரை ஒருவர் விஞ்சுவார்கள் என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். அதனால் அந்தச் சொல்லில் மெச்சுதலின் சாயல் படிந்திருக்கிறது. பிணங்களின் கணக்குக்கு அது பொருந்தாது. “இறப்பு எண்ணிக்கை சீனாவைக் காட்டிலும் கூடியது” என்று எழுதினால் செய்தியும் குறையாது, இறந்தவர்களின் வீட்டார் படித்தாலும் நெஞ்சு புண்படாது. மக்கள்தொகையில் இந்தியா சீனாவைக் கடப்பதாக 2023 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் அவை கணித்தபோது, “முந்துகிறது” என்ற சொல்லே எனக்குப் போதுமானதாகத் தோன்றியது. வரிசையில் இடம் மாறியதைச் சொல்ல “முந்து” இருக்கிறது.

“மிஞ்சு” என்பதில் இன்னும் கவனம் வேண்டும், ஏனெனில் அது பல திசைகளில் இழுபடும் சொல். “அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பதில் அது எல்லை கடத்தல். “கடைசியில் எனக்கு மிஞ்சியது கடன்தான்” என்பதில் எஞ்சுதல். “மிஞ்சிப்போனால் நூறு ரூபாய் இருக்கும்” என்பதில் உச்சவரம்பு. “கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான்” என்பதில் திமிர். “குருவை மிஞ்சிய சீடன்” என்பதோ சொல்பவரின் தொனியைப் பொறுத்துப் பாராட்டாகவும் குத்தலாகவும் ஆகும். மருந்துக் குறிப்பில் “மிஞ்சிய மாத்திரைகளை உட்கொள்ள வேண்டாம்” என்று எழுதினால், அளவுக்கு அதிகமாகச் சாப்பிடாதே என்பதா, சென்ற முறை மீந்ததைச் சாப்பிடாதே என்பதா என்று நோயாளி எப்படி அறிவார்? “பெரியவர்கள் ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் பாராசிட்டமால் உட்கொள்ளக் கூடாது” என்பதில் அந்தக் குழப்பமே எழாது. சட்டத் தமிழ் இந்த இடத்தில் “மூன்று ஆண்டுகளுக்கு மிகாத சிறைத்தண்டனை” என்று “மிகு” என்பதைக் கையாள்வதும் சிறந்த வழக்கே. “மீறு” என்பது ஒருவர் வகுத்த வரம்பை உடைப்பது. அதில் குற்றச்சாட்டு இருப்பதால் சாதனைச் செய்திகளில் அதற்கு வேலையில்லை.

ஒன்றின் பெருமை இன்னொன்றைக் கண்ணில் படாமல் செய்துவிடுவதைச் சொல்லும்போது, “நிழலிட்டது”, “அதன் மீது நிழல் விழுந்தது” என்று ஆங்கிலத்தின் “overshadow” என்னும் சொல்லை அப்படியே பெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வெயில் சுடும் நாட்டில் நிழல் என்றால் தஞ்சம். அரசனின் குடைநிழலில் குடிகள் வாழ்ந்தார்கள். அப்பர் “ஈசன் எந்தை இணையடி நீழலே” என்று இறைவனின் அடியையே நிழலாகக் கண்டார். ஒருவருடைய புகழின் நிழலில் இன்னொருவர் இருந்தார் என்று படிக்கும் தமிழர், அவர் ஆதரிக்கப்பட்டார் என்றே புரிந்துகொள்ளக்கூடும். 1963 நவம்பர் 22 அன்று எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி. எஸ். லூயிஸும் காலமானார்கள், அதே நாளில் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தமிழில் எழுதினால், கென்னடி கொலைச் செய்தியில் அவர்களுடைய மறைவுச் செய்திகள் அமுங்கிப்போயின என்பேன். எடுபடாமல் போயின என்றும் சொல்லலாம். ஒருவரின் புகழைப் பற்றிய இடமானால், மங்கிப்போயிற்று என்பது பொருந்தும்.