தளம் அல்ல, வினையிடம்

"ஜியோலைட் வினையூக்கியில் செயலில் உள்ள இரும்புத் தளங்கள்." ஆங்கிலத்தின் 'ஆக்டிவ் சைட்' தமிழில் இப்படி வந்திருப்பதைப் படித்தால், இரும்புத் தகடு பாவிய மாடியில் யாரோ விளக்கைப் போட்டுவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. சொல்லவந்ததோ ஓர் ஒற்றை இரும்பு அணுவைப் பற்றி.

வேர்க்கதை சின்னது. லத்தீனில் சிட்டுஸ் என்றால் அமைந்திருக்கும் இடம். 'சைட்' அதன் வழி வந்தது. ஊக்கியின் பரப்பு முழுவதும் உழைப்பதில்லை, சில புள்ளிகளே உழைக்கின்றன என்று வேதியியலர் ஹியூ டெய்லர் 1925இல் எழுதினார். ஜியோலைட் என்பது நுண்துளைகள் நிறைந்த கனிமம்; 1756இல் சுவீடனின் கனிமவியலர் குரோன்ஸ்டெட் இட்ட பெயர். கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்'.

இனி 'தளம்'. தமிழில் அது தட்டையான பரப்பு: தரைத்தளம், மொட்டைமாடித் தளம். பீட்டா வகை ஜியோலைட்டில் நைட்ரஸ் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும் இரும்பு, ஆறு கண்ணி வளையம் ஒன்றில் நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. அந்த அமைப்புக்கு வேதியியலில் பெயர் சதுரத்தளம். ஆக, 'தளம்' கட்சியார் "சதுரத்தள இரும்புத் தளம்" என்று எழுதியாக வேண்டும். முதல் தளம் வடிவம், இரண்டாம் தளம் இடம். மாணவர் எதைப் பிடிப்பார்? 'வினைத்தளம்' என்று ஒட்டினாலும் இந்தச் சிக்கல் தீராது. இணையதளம் வந்த பிறகு 'சைட்' கண்ட இடமெல்லாம் தளம் போடுவது மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

'செயலில் உள்ள' இன்னும் மோசம். அது கைபேசித் திரையின் தமிழ். இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இங்கே வேண்டியது ஆற்றல். மூடிய குப்பியில் சும்மா கிடந்தாலும் அந்த அணு வினைக்குரியதுதான். 'கிளர்வு மையம்' என்போரும் உண்டு. ஆனால் எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவிய நிலையும் கிளர்வுநிலைதான். இந்த இரும்பையே நிறமாலையில் ஆராயும் கட்டுரையில் இரண்டும் மோதும்.

வினையூக்கி, வினைபொருள், வினைவேகம் என்று குடும்பமே இருக்கும்போது வினையிடம் என்பதில் என்ன தயக்கம்? இலக்கணத்தில் வினையும் இடமும் வேறு என்பார்கள். வேதியியல் கட்டுரையில் யாரும் தன்மை, முன்னிலையைத் தேடப்போவதில்லை.

இது வெறும் சொற்சண்டை அல்ல. ஊக்கியில் ஏற்றிய இரும்பெல்லாம் வினையிடத்தில் போய் உட்காருவதில்லை. இரும்பு மூன்று உப்பை (மூன்று நேர்மின்சுமை கொண்ட இரும்பின் உப்பை) நீரில் கரைத்து ஊறவைக்கும்போது அமிலத்தன்மை குறைந்தால் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். சுட்டெடுத்தால் பழுப்பு ஆக்சைடுத் துகள். வெளிர்நிறத் தூள் செம்பழுப்பானால் துகள் சேர்ந்துவிட்டது என்று கண்ணே சொல்லும். புற ஊதா–கண்ணுறு நிறமாலையில் தனித்த இரும்பு மூன்று அயனி 300 நானோமீட்டருக்குக் கீழே உறிஞ்சும். துகளின் பட்டை 450ஐத் தாண்டும். "இரும்புத் தளம்" என்று எழுதினால் இந்தத் துகளும் அதில் அடங்கிவிடும். மீத்தேனை அறை வெப்பநிலையிலேயே மெத்தனாலாக்கும் இரும்பையும் சும்மா ஒட்டிக்கிடக்கும் துருவையும் ஒரே சொல்லில் கட்டலாமா?

ஒட்டிக்கிடப்பதையும் 'பார்வையாளர் இரும்பு' என்கிறார்கள், டிக்கெட் வாங்கி வந்ததுபோல. 'வினைசேரா இரும்பு' என்றால் போதும்.